பத்தொன்பதாவது சுற்றில் வைத்த பொட்டு

இந்த வாக்குமூலம் எழுதப்பட்டபோது உடனிருந்தவர்கள்: உதவி ஆய்வாளர், எழுதிய பெண் காவலர் கல்பனா, என் கொழுந்தனார் முருகவேல், நான். தண்ணீர்ப் பந்தல் நடத்திய கஜபதி காவல் நிலைய வாசலில் தன் வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை.

என் பெயர் அனுசுயா, வயது 43, கணவர் பெயர் கோதண்டபாணி. கே.ஜி.கண்டிகையில் குடியிருக்கிறோம். நான் ஐந்தாவது வரை படித்தேன். மற்றதெல்லாம் நானாகக் கற்றுக்கொண்டது.

என் கணவர் ஜன்னல் கம்பி பற்றவைக்கும் வேலை செய்துவந்தார். சித்திரை மாதம், மூடிப்போன கம்பெனி ஒன்றிலிருந்து பெரிய வெல்டிங் மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கி வந்தார். அதன் கைப்பிடியைச் சுற்றினால் முன்பக்கத்தில் ஒரு முள் மேலே ஏறும். முள்ளுக்குப் பக்கத்தில் இருந்த எண்கள் முழுக்க அழிந்திருந்தன. எந்த இடத்தில் எவ்வளவு கரண்ட் வரும் என்று விற்றவருக்கே தெரியவில்லை.

அதன் பிறகு நான்கு நாள் காலையில் அவர் பற்றவைக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடி எத்தனை சுற்று, எந்த வெல்டிங் ராடு, எத்தனை நிமிடத்தில் மெஷின் சூடாகிறது என்று நோட்டில் எழுதினேன். பற்றவைத்த ஒவ்வொரு துண்டையும் சம்மட்டியால் அடித்து உடைத்துப் பார்த்தோம். கனமான தகட்டுக்குப் பதினாறு சுற்றில் மேலே மட்டும் ஒட்டியது, உள்ளே பிடிக்கவில்லை. பத்தொன்பதில் அடித்தபோது தகடு வளைந்தது, ஒட்டு விடவில்லை. அதைப் பார்த்த கஜபதி, "இன்னா அக்கா, மெஷினுக்கு ஜாதகம் எழுதிகினு கீறியா?" என்று சிரித்தார்.

என் கணவரிடம் நோட்டைக் கொடுத்தேன். அவர், "நோட்டு எனக்கு எதுக்கு? பொட்டு வச்சுடு, அதுக்கு நேரா முள்ள நிறுத்திக்கிறேன்" என்றார். நானும் பத்தொன்பதாவது சுற்றில் முள் நிற்கும் இடத்தில் குங்குமம் வைத்தேன். அந்த இடத்தை ஆணியால் கீறிவிட்டிருக்கலாம். சாமிப் பொட்டை யார் அழிக்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பு நான் பால்குடம் எடுத்து மலைக்கோயிலுக்குப் போயிருந்தேன். இந்த மெஷின் எங்களைக் கரையேற்ற வேண்டும் என்றுதான் அந்த வேண்டுதல். அன்று பந்தலுக்குத் தண்ணீர்த் தொட்டி நிறுத்தும் இரும்புத் தாங்கியைச் செய்து வாங்கக் கஜபதி வந்திருக்கிறார். வேலைக்கு முன் பூஜை போட வேண்டும் என்று ஈரத்துணியால் மெஷினைத் துடைத்து, முன்பக்கத்தில் மூன்று பட்டை விபூதியும் நடுவில் பெரிய பொட்டும் வைத்திருக்கிறார். என் கணவர் அந்தப் பொட்டுக்கு நேராக முள்ளை நிறுத்திப் பற்றவைத்திருக்கிறார்.

அவர் என்னிடம் கூறியது: "பொறி கம்மியா கீதேன்னு கேட்டேன். கஜபதிதான், திருவிழா லைட்டு லோடுபா, கரண்டு டல்லா கீது, நீ ஓட்டுன்னான்."

அதன் பிறகு கிருத்திகை அன்று காலை பதினொரு மணிக்குத் தாங்கியின் ஒரு கால் ஒட்டு விட்டு, நிரம்பிய தொட்டி சாய்ந்தது. கீழே மோர் ஊற்றிக்கொண்டிருந்த வசந்தி என்பவருக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. என் கணவரை அன்றே விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள். கஜபதி அன்று மாலை பந்தலை வேறு இடத்தில் போட்டு, மீதி மோரை ஊற்றி முடித்தார்.

மெஷினைத் தான் தொடவே இல்லை என்று கஜபதி எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். அவர் பூஜை போட்டபோது உடன் நின்று கற்பூரம் ஏற்றியவர் வசந்தி. ஆஸ்பத்திரியில் அவரிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. நான் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைக் குறை சொல்லவில்லை.

நோட்டை ஒப்படைத்துவிட்டேன். எழுதியதைக் கல்பனா அவர்கள் வாசித்தார்கள், நானும் வாங்கி ஒருமுறை வாசித்தேன். நான் சொன்னதில் கூடுதலும் இல்லை, விட்டதும் இல்லை.

மெஷின் உங்கள் வசம் இருக்கிறது. முள்ளைக் கஜபதியின் பொட்டில் ஒருமுறையும் பத்தொன்பதாவது சுற்றில் ஒருமுறையும் நிறுத்தி, பற்றவைத்து, என் முன்னால் உடைத்துப் பார்ப்பீர்களா, மாட்டீர்களா என்பதற்கு விரைவில் பதில் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
கோ. அனுசுயா