என்னிடமும் கேளுங்கள், யாரென்று

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் என் அன்பு அண்ணன் ஜூலியஸ் அவர்களே! தோட்டக் கமிட்டிப் பெரியோர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு, கால் கழுவவும் நேரமின்றி வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! எஹலியகொட டவுனிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் இளைஞர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் கமிட்டித் தலைவன் மூக்கையாவின் தாழ்மையான வணக்கம்.

மண்சரிவு எச்சரிக்கை மெசேஜைப் பழைய முறைக்கே மாற்றச் சொல்லி ஒரு மனு வந்திருக்கிறது. புது முறை கஷ்டமாம். ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவதாம். மனு போட்டவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அதை முதலில் சொன்ன வாய் இந்த வாய்தான்.

பழைய முறை என்ன? நூற்றிருபது வீட்டுப் போனுக்கும் மெசேஜ் அனுப்பும் கம்ப்யூட்டருக்கு ஒரே பாஸ்வேர்ட். அதையும் கமிட்டி ரூம் கலண்டரில் எழுதித் தொங்கவிட்டிருந்தோம். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம் டிலானி, ஒவ்வொரு தடவையும் யாரென்று கேட்டு உறுதி செய்த பிறகே எவரையும் உள்ளே விட வேண்டும் என்றாள். ஜீரோ ட்ரஸ்ட் என்று அதற்குப் பேராம். நான் பொங்கினேன். ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, ஒரே பீலித் தண்ணீரில் குளித்து, ஒரே மலையில் உழைத்த நமக்குள் சந்தேகமா என்று முழங்கினேன். கைதட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கும் இதே மேடைதான்.

அடுத்த பெருமழையில் மலையடி லயத்துச் சனமெல்லாம் ஸ்கூலில் தங்கியிருந்தபோது எனக்கொரு போன் வந்தது. தோட்ட மேனேஜர் பெரிய தொர ஆபீஸிலிருந்து பேசுவதாகச் சொன்னது ஒரு குரல். மரியாதையாகப் பாஸ்வேர்ட் கேட்டது. நான் யாரென்று கேட்கவில்லை. கொடுத்துவிட்டேன். அரை மணியில், ஆபத்து நீங்கியது, வீட்டுக்குத் திரும்பலாம் என்று எல்லாப் போனுக்கும் மெசேஜ் போனது. தொர ஆபீஸில் யாரும் அப்படிப் பேசவில்லையாம்; அந்தக் குரல் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. ஆட்டுக்குப் புல் போட வேண்டுமென்று முதல் ஆளாக எழுந்து போனார் சூசையம்மா அக்கா, ஜூலியஸ் அண்ணனின் மனைவி. மண் சரிந்தது. அக்கா திரும்பவில்லை.

பாஸ்வேர்ட் எப்படி வெளியே போனது என்று எல்லாரும் கேட்டீர்கள். ஒரு வருஷமாக வாய் திறக்காமல் இருந்தேன். நேற்றுத்தான் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"எங்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது, மூக்கையா. மேடையில சொல்லு."

சொல்லிவிட்டேன். உட்காருங்கள் தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. முடித்ததும் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் புது முறை. வந்த வேகத்தில் வழுக்கவும் செய்தது. மெசேஜ் அனுப்பும் கமிட்டிக்காரர்களை விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய கமிட்டி உறுப்பினர் வெள்ளையம்மாவின் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? "இந்த மெசினுக்கு என்னையத் தெரியலையாம்" என்று அந்தத் தாய் அழுதார். தூக்கிப் போடுங்கள் என்று கமிட்டியே கத்தியது. டிலானி யாரையும் குறை சொல்லவில்லை. ரேகையை விட்டுவிட்டு, அவரவர் போனுக்கு ஒவ்வொரு முறையும் புது நம்பர் வரும்படியும், இருவர் அதைப் போட்டால்தான் மெசேஜ் போகும்படியும் மாற்றினாள். வீடு வீடாகப் போய்ப் பழக்கினாள். மனிதருக்குத்தான் மெசின் இணங்கி வர வேண்டும் என்பதை அவள் எங்களுக்குக் கற்பித்தாள்.

சந்தேகம் என்கிறீர்களே, ஒன்று கேட்கிறேன். விடியற்காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் போடுகிறார். நேற்று வந்தாய் என்பதற்காக இன்றைக்குப் பேர் போடுவாரா? கூடப்பிறந்தவனே ஆனாலும் ஆளைப் பார்க்காமல் போடுவாரா? அதை அவமானம் என்று நம்மில் யாராவது அழுதோமா?

போன மாத மழையில் இரத்தினபுரியிலிருந்து நானே டிலானியைக் கூப்பிட்டு, மெசேஜ் அனுப்பச் சொன்னேன். "தலைவர், குரல் உங்க குரல் மாதிரிதான் இருக்கு. ஆனா உங்க போனுக்கு வர்ற நம்பர நீங்களே போடுங்க. வெள்ளையம்மா அக்காவும் சரின்னு போடணும்" என்றாள். இரண்டு நிமிஷம் பிடித்தது. போனை வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே அழுதேன்.

தாய்மார்களே, பெரியோர்களே! மனுவுக்குக் கை தூக்குமுன் அந்த இரண்டு நிமிஷத்தை எண்ணிப் பாருங்கள். இனி எந்த மழையிலும், மூக்கையா பேசுகிறேன் என்று ஒரு குரல் வந்தால், யாரென்று கேளுங்கள். நான் கோபிக்க மாட்டேன். அன்றைக்கு நான் அதைக் கேட்டிருந்தால், முன்வரிசையில் சூசையம்மா அக்கா உட்கார்ந்திருப்பார்.

பேச இடம் தந்த ஜூலியஸ் அண்ணனுக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.