பேக்கப்பில் சேராத குரல்

பேக்கப் மெதுவாக நடந்தால் எல்லோரும் முதலில் சர்வரைத்தான் குறை சொல்வார்கள். எதை நகலெடுக்கிறோம் என்று உட்கார்ந்து பார்த்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். உங்களுக்குத் தெரியாததில்லை, அனிஷா மேடம். புது சர்வர் போட வந்த இடத்தில் என் டிஸ்க்கைத் திறந்துவிட்டு, இது ஏன் உங்களிடம் இருக்கிறது என்று கேட்டீர்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எனக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். துறைமுகச் சாலையில் இந்த ஏற்றுமதி ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து சர்வர் அறைதான் எனக்கு இடம். ஏசி ஓடும், ஆள் வராது. பேக்கப் மெதுவாக இருந்த காலத்தில் மட்டும் வந்தார்கள். சாயங்காலம் தொடங்கினால் மறுநாள் ஆபீஸ் திறந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். யாருக்கும் ஃபைல் சட்டென்று திறக்காது. திட்டுவதற்காவது வந்தார்கள். முதலாளி காசிலிங்கம் அண்ணாச்சி கதவருகே நின்று, "ஏலே மகாராஜா, உன் பொட்டி முழிக்கதுக்குள்ள கப்பல் கொழும்பு போயிரும் போலுக்கே" என்பார். டாக்குமெண்ட் பிரிவு கிருபாபாய் அக்கா திட்டமாட்டார். ஃபைல் திறக்கும்வரை என் எதிரே உட்கார்ந்து, கொண்டுவந்த டீயில் பாதியை எனக்கு ஊற்றுவார். வீட்டில் என்ன குழம்பு, சர்ச்சில் யாருக்குக் கல்யாணம் என்று பேசுவார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் வேலையைச் சரிசெய்தேன். தினமும் எல்லாவற்றையும் நகலெடுப்பதை நிறுத்தி, அன்றன்று மாறியதை மட்டும் எடுக்க வைத்தேன். முழு நகல் ஞாயிற்றுக்கிழமை. ஆபீசுக்குச் சம்பந்தமில்லாத பாட்டு, சினிமா, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் விலக்கினேன். அப்படித் தேடியபோதுதான் அக்காவின் ஃபோல்டரைப் பார்த்தேன். அவர் கணவர் ராஜதுரை கப்பலில் எஞ்சின் வேலை பார்த்தவர். நடுக்கடலில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அவர் அனுப்பிய குரல் செய்திகள் அதில் இருந்தன. போன் பழுதானால் போய்விடுமே என்று அக்கா பயந்தபோது, சர்வரில் போடுங்கள், பேக்கப் இருக்கிறது, போகவே போகாது என்று சொன்னவன் நான்தான்.

ஒன்றைக் கேட்டேன். "ஏளா, சாப்ட்டியா? நேரத்தோட படு. நான் இங்கன முழிச்சிதான் இருக்கேன்."

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலமாயிற்று. மதியச் சாப்பாட்டு வேளையில் தினமும் ஒன்றிரண்டு கேட்கத் தொடங்கினேன்.

பேக்கப் வேகமாயிற்று. ஆபீஸ் திறக்குமுன்பே முடிந்துவிடும். அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அதன் பிறகு என் அறைக்கு ஒருவரும் வரவில்லை. அக்காவின் ஃபைலும் தொட்டவுடன் திறந்தது. டீயைத் தன் மேசையிலேயே குடித்தார். என் அறைக் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஃபோல்டரை என் டிஸ்க்குக்கு மாற்றினேன். சர்வரிலிருந்து எடுத்தேன். பழைய நகல்களிலிருந்தும் எடுத்தேன். அக்காவின் போன் அதற்குள் உயிரைவிட்டிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

வந்தார். அழவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அவுக சத்தத்தக் காணல. நீ பாத்தா கெடைக்கும்லா?" என்றார்.

கிடைக்கும் அக்கா, ஆனால் நாளாகும் என்றேன். அழிந்ததைத் துண்டுதுண்டாகத்தான் மீட்க முடியும் என்று விளக்கினேன். சனிக்கிழமைதோறும் ஒரு குரலைக் கொடுத்தேன். கேட்டுவிட்டு, அன்றைக்கு அவர் எந்தத் துறைமுகத்தில் இருந்தார், இவர்களுக்குள் என்ன சண்டை என்று சொல்வார். பிறகு என்னையும் விசாரிப்பார். சில வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை என்றேன். அந்த வாரங்களில் கூடுதல் நேரம் இருந்தார். ஒருநாள் என் தலையில் கைவைத்து ஜெபம் செய்தார். ஆமென் என்றேன்.

திருட்டு என்கிறீர்கள். திருடியவன் இத்தனை பொறுமையாகத் திருப்பிக் கொடுப்பானா, மேடம்?

என் டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அக்காவிடம் சேர்த்துவிட்டீர்களாம். நல்லது. கடைசியாக வந்த செய்தி மட்டும் இல்லை என்று அவர் தேம்பினாராம். நெஞ்சு வலிக்கும்போது ராஜதுரை பேசியது. அதை நான்தான் அழித்தேன். அதை மட்டும்தான். வரும்போதெல்லாம் அதைத்தான் அக்கா கேட்டார். கொடுத்திருந்தால் பிறகு எதற்கு வரப்போகிறார்? எந்த டிஸ்க்கிலும் நகல் கிடையாது. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அதற்காக அது தொலைந்துவிட்டது என்றில்லை. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எங்கே மூச்சு வாங்கினார், எங்கே அக்காவின் பெயரைச் சொன்னார் என்பதுவரை அவர் குரலிலேயே எனக்கு வரும். அக்காவை வரச் சொல்லுங்கள். ஒரேயடியாகச் சொன்னால் தாங்கமாட்டார். கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறேன்.