சாரல் பக்கத்து ஜன்னல்

சர்வர் வாங்க வருகிறவர்கள் வேகத்தைத்தான் விசாரிப்பார்கள் சார். மெஷின் எந்தக் காற்றில் ஓடப்போகிறது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்த நாளிலிருந்து பார்க்கிறேன்.

விஜயசங்கரும் கேட்கவில்லை. ஊரில் பாதி வெப்சைட்டுகளைத் தன் சர்வரில் வைத்து நடத்துகிறவன். அவனுடைய பழைய சர்வர் தள்ளாடுகிறது, மாற்றிவிடு என்று அப்போதே சொன்னேன். ஓடுகிறவரை ஓடட்டும் என்றான். அது நின்ற அன்றுதான் என் மனைவி பேராச்சிக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. கொடுக்கக்கூடியவர்களின் போன் நம்பரெல்லாம் ரத்ததானக் குழுவின் வெப்சைட்டில் இருந்தது. வெப்சைட் அவன் சர்வரில் இருந்தது. அது திறப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

துட்டி கேட்க வந்தவன் என் தோளில் கை வைத்துச் சொன்னான்: "என்ன செய்ய அண்ணாச்சி, மெஷின்னா நிக்கத்தான் செய்யும்."

அவன் மனைவி உமாதேவி அப்படி இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கும் அதே குரூப்புதான் அண்ணாச்சி. ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேன்லா" என்றாள். நல்ல பெண். அவள் குரூப் எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

போன தை மாதம் லட்டு டப்பாவோடு கடைக்கு வந்தான். உமா உண்டாகியிருக்கிறாள், ஆடியில் பிரசவம் என்றான். புது சர்வர் போட வேண்டும், நீங்களே பார்த்து எடுத்துக் கொடுங்கள் என்றான். அதை வைக்கக் குற்றாலத்தில் அருவிக்குப் பக்கத்தில் வீடு பிடித்திருந்தான். "சீசன் காத்து சும்மா சிலுசிலுன்னு வருது. ஏசி எதுக்கு அண்ணாச்சி, தெண்டம்" என்றான்.

நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உள்ள நினைப்புதான். சீசன் காற்று உடம்புக்கு நல்லது. ஆகவே எல்லாவற்றுக்கும் நல்லது. அந்தக் காற்றில் சாரல் கலந்திருக்கிறது. வீட்டுக்குள் உப்பு கசியும், அப்பளம் நமத்துப் போகும். சர்க்யூட் போர்டு பச்சை பூத்துப் போகும். இதை நான் அவனிடம் சொல்லவில்லை. ஏசி வேண்டாம் என்றேன். சர்வரை மலைப் பக்கம், சாரல் வரும் ஜன்னலோரம் வைக்கச் சொன்னேன்.

அப்புறம் டிஸ்க். ஒன்று போனால் இன்னொன்று தாங்க வேண்டும் என்றுதான் இரண்டு போடுவது. ஒரே பெட்டியில் வந்தவை ஒன்றாகவே சாகும் என்பதால் வேறு வேறு பெட்டியிலிருந்து எடுப்பது எங்கள் தொழில் வழக்கம். நான் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தேன். அதுவும் வேறொருவர் ஓட்டிக் கழித்தவை. பேக்கப் டிஸ்க்கும் அதே பெட்டிதான். அதை ஜன்னலுக்குக் கீழேயே வைத்துக் கொடுத்தேன்.

தேதியை நான் குறிக்கவில்லை சார். சீசனைத்தான் குறித்தேன்.

ஆடியில் ஒரு மத்தியானம் போன் வந்தது. விஜயசங்கர்தான். உமாவுக்கு ரத்தம் நிற்கவில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தது தீர்ந்துவிட்டது, வெப்சைட் திறக்கவில்லை என்றான். "ரெண்டு டிஸ்க்கும் செத்துட்டு அண்ணாச்சி. பேக்கப்பும் எந்திரிக்க மாட்டேங்குது. ஒங்க கடையில எதும் காப்பி கெடக்கா?"

இருந்தது. சர்வரை மாற்றியபோது எடுத்த காப்பி. என் முன்னால் ஸ்கிரீனில் திறந்தே இருந்தது. ஓ நெகட்டிவ் என்று தேடினேன். உமாதேவியின் பெயர்தான் முதலில் வந்தது. அடுத்தவர் யாக்கூப், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பழக்கடை வைத்திருப்பவர். என் கடையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

இல்லையேப்பா என்றேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். விஜயசங்கர்மேல் எனக்கு இப்போது ஒரு வருத்தமும் இல்லை. டிஸ்க்கை எடுத்தது நான்தான், ஜன்னலைச் சொன்னது நான்தான், காப்பியை மறைத்ததும் நான்தான்; அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் உமாவை நான் கொன்றதாக மட்டும் எழுதாதீர்கள். நல்ல பெண், அவளை நான் ஏன் கொல்லப் போகிறேன்?

மெஷின்னா நிக்கத்தான் செய்யும் சார்.