நைனாவின் மூன்று கால்கள்

கஜபதி நைனா எனக்குப் பாக்கி வைத்தது பதினாறாயிரத்து நானூறு ரூபாய். பள்ளிப்பட்டுப் பக்கம் அவருடைய கரும்பை வெட்டிய கூலி. கேட்டால், "அடுத்த கிருத்திகைக்கு வாடா" என்பார். முருகன் புண்ணியத்தில் மாதம் தவறாமல் கிருத்திகை வந்தது. என் மகள் மோனிஷா நர்சிங் சேருவதற்கு நம்பியிருந்த பணம் அது. சேரவில்லை. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் சார். அவளுக்குக் கால்கள் நன்றாக இருக்கின்றன.

உங்கள் மேசைமேல் இருக்கும் மூன்று பிளாஸ்டிக் குடுவைகளும் என் கை பட்டவைதான். வெட்டுப்பட்ட காலை அதற்குள் நுழைத்து, கீழே செயற்கைக் காலை மாட்டுவார்கள். திருத்தணி ஸ்டேஷன் பக்கத்துப் பட்டறைக்கு நான் மாவு குழைக்கத்தான் போனேன். அப்போது மாவுக்கட்டுப் போட்டு அளவெடுத்தார்கள். பிறகு மாவு போய் ஸ்கேன் வந்தது. எழிலன் என்ற இன்ஜினியர் தம்பி வியாழக்கிழமை மட்டும் சென்னையிலிருந்து ரயிலில் வருவார். மற்ற நாட்களில் ஸ்கேன் எடுத்து, அந்த உருவத்தைக் கம்ப்யூட்டரின் வடிவமைப்பு மென்பொருளுக்குள் ஏற்றிவைப்பது என் வேலை.

நாற்பது வயதுக்குமேல் எழுத்துக் கற்றவன் நான். இங்கிலீஷில் முதலில் படித்த சொல் 'இம்போர்ட்'. அதை அழுத்தினால் ஒரு பெட்டி வரும். உருவத்தை எந்த அளவில் ஏற்றட்டும் என்று கேட்கும். நூறு சதவீதம் என்று அதுவே போட்டிருக்கும். "அத மட்டும் தொடாதீங்கண்ணா," என்றார் எழிலன். அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

சர்க்கரை வியாதியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டு நைனா வந்தார்.

"இன்னாடா பரசு, கைநாட்டுப் பய, கம்ப்யூட்டர் தட்டிகினு கீற?"

"ஆங் நைனா. வயித்துப் பொழப்பு."

"ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கணும்டா. நடந்தே மலை ஏறணும். வேண்டுதல்."

"ஏத்திடலாம் நைனா."

பாக்கியைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர்கள் நாங்கள்.

திரையில் அவர் கால் மட்டும் சாம்பல் நிறத்தில் மிதந்தது. அதன் முன்னால் நான் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மௌஸை நகர்த்தினால் குப்புறப் படுத்தது. பெட்டியில் தொண்ணூற்று ஏழு என்று போட்டேன். எங்கள் பக்கம் நூற்றுக்கு மூன்று என்பது நியாயமான வட்டி. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பிடிப்புக்காக எழிலனும் தன் பங்குக்குக் குடுவையின் அளவைக் கொஞ்சம் குறைப்பார். இரண்டும் சேர்ந்தால் இறுக்கம்தான். ஆனால் நைனா வலி என்று சொல்லவே இல்லை. "சர்க்கரைக்காரங்களுக்குப் புண்ணு வந்தாலும் தெரியாதுண்ணா, நாமதான் பாத்துக்கணும்," என்று எழிலன் முன்பே சொல்லியிருந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு மாதத்தில் புண், பிறகு சீழ். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். மறுபடி ஸ்கேன், மறுபடி மூன்று வட்டி. மறுபடி புண். இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள். எழிலன் ரத்த ஓட்டத்தைக் குறை சொன்னார். நைனா முருகனைக் குறை சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவரைத் தூக்கி உட்காரவைத்துத் துடைத்துவிட்டது நான்தான். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யமாட்டான் என்று அழுதார்.

மூன்றாவது காலின் புண்ணில் விஷம் ஏறி, ஆடிக் கிருத்திகைக்கு முன்பே நைனா செத்துப்போனார். அது உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு.

மூன்றாவது ஸ்கேன் எடுத்த அன்று, அவர் மடியிலிருந்து ஒரு நோட்டுக் கட்டை எடுத்தார்.

"பதினாறாயிரத்து நானூறு. எண்ணிக்கடா. எப்பவோ குட்த்திருக்கணும். உன் காச வச்சிகினு இருந்தேனே, பாவி நான்."

எண்ணினேன். சரியாக இருந்தது.

"நமக்குள்ள கணக்கு முடிஞ்சிது நைனா," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது, சார். எப்போதுமே கணக்கு மட்டும்தான்.

அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். இம்போர்ட் அழுத்தினேன். எந்த அளவில் என்று பெட்டி கேட்டது. தொண்ணூற்று ஏழு என்று அடித்தேன்.