வாளிக்குள் இருந்த பாம்பு

உட்கார்ந்தே பேசுகிறேன் ஐயா, முட்டி வலிக்கிறது. தோட்டத்தில் குனிந்து குனிந்தே தேய்ந்துபோன முட்டி இது.

எங்கள் கொல்லைப்புறத்தைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அதைப் புதர் என்றுதான் சொல்வார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தப் புதரைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. மதிலோரமாகக் கீரி போகும். சாரைப்பாம்பு கிணற்றடியில் சட்டை உரிக்கும். வெயில் ஏறினால் உடும்பு ஒன்று செங்கல் குவியல் மேல் வந்து, வீட்டுக்குச் சொந்தக்காரர் மாதிரி படுத்துக்கிடக்கும்.

தெருவில் என்னைப் பாம்பு டாக்டர் என்பார்கள். கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் யார் வீட்டில் பாம்பு புகுந்தாலும் எனக்குத்தான் ஆள் வரும். விஷமில்லை என்று நான் சொன்னால் கம்பைக் கீழே போட்டுவிடுவார்கள். என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

தங்கையும் அவள் வீட்டுக்காரரும் என்னோடுதான் இருந்தார்கள். மாப்பிள்ளை தங்கமான மனிதர், அதில் சந்தேகமே இல்லை. தோட்டத்தை வழித்துவிட்டு சிமென்ட் தளம் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார், அவ்வளவுதான்.

"வீட்டுல மனுஷங்க இருக்கணுமா, பாம்பு இருக்கணுமா, நீங்களே சொல்லுங்க மச்சான்" என்பார்.

கெஞ்சிப் பார்த்தேன். சண்டையும் போட்டேன். பேசிப் பேசி அலுத்துவிட்டது ஐயா. கொத்தனாருக்கும் சொல்லியாகிவிட்டது.

கொத்தனார் வருவதற்கு முந்தின நாள் காலையில், மாப்பிள்ளை வாளி ஒன்றைத் தட்டால் மூடி எடுத்துவந்தார்.

"ஷூவுக்குள்ள இருந்துச்சு மச்சான். கால்ல சுருக்குன்னுச்சு, அவ்வளவுதான். வலியே இல்ல. என்ன பாம்புன்னு பாருங்க."

கறுப்பு உடம்பு, வெள்ளை வளையங்கள். இந்த நிறத்தில் இரண்டு உண்டு. வளையம் கழுத்தருகே எடுப்பாக இருந்து வால் பக்கம் மங்கினால் வெள்ளிக்கோல் வரையன், விஷமில்லாத சாது. கழுத்தருகே மங்கி வால் பக்கம் எடுப்பாக இருந்தால் கட்டுவிரியன். அது கடித்தால் பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் ஆட்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

வாளியில் இருந்ததற்கு வால் பக்கம்தான் எடுப்பாக இருந்தது.

"வெள்ளிக்கோல் வரையன் மாப்பிள்ளை. சோப்பு போட்டுக் கழுவிட்டுப் படுங்க" என்றேன்.

"நல்லவேளை, வீட்டுலயே டாக்டர் இருக்கீங்க" என்று சிரித்தார். வாளியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தேன். பாம்பு அவசரமே இல்லாமல் போனது.

கொஞ்ச நேரத்தில் தங்கை ஓடிவந்தாள். "அண்ணா, அவருக்குக் கண்ணே திறக்க முடியல. பேச்சு குழறுது. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

என் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை, நிஜமாகவே.

"பயத்துல அப்படித்தாம்மா இருக்கும். தூங்கட்டும், எழுப்பாத" என்றேன். அவளும் நம்பினாள். அவருக்கு மூச்சு திணற ஆரம்பித்த பிறகுதான் அக்கம்பக்கத்தார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள் ஐயா. இரண்டு முறையும் தெரிந்துதான் சொன்னேன். எனக்கு அவர்மேல் கோபம்கூட இல்லை. ரொம்பக் களைத்திருந்தேன்.

தங்கை இப்போது கொல்லைக் கதவைத் திறப்பதே இல்லையாம். இங்கே ஸ்டேஷனில் எழுதி முடித்ததும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டால், அவளுக்கும் மனசு ஆறிவிடும்.