ரோஷெலுக்கு ஊர் பிடிக்காமல் போன விதம்

கூடைப்பந்து ஆட்டக்காரர்களோடு ரசிகர்கள் கை குலுக்குகிற மாலை நிகழ்ச்சிக்கு வந்தால் ஒன்றை மட்டும் கேட்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விடுகிறீர்கள். படம் எடுத்துக்கொள்ளலாம். பந்தில் கையெழுத்து வாங்கலாம். கோழிச் சிறகு வறுவலை வயிறு முட்டத் தின்னலாம். ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது. நான் விட்டேன். தெரன் காலோவேயின் கையைக் குலுக்கிக்கொண்டே, "நீங்க இந்த அணியை விட்டுப் போயிடணும்" என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "முடியாதும்மா. நான் தலையாட்டாம என்னை வேற டீமுக்கு மாத்த முடியாது, ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கியிருக்கேன். என் வீட்டுக்காரி ரோஷெலுக்கு இந்த பஃபலோ ஊருன்னா உசிரு. பாப்பா இங்கதான் ஸ்கேட்டிங் பழகுறா. அவங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கறப்போ நான் எங்க போறது, சொல்லு?"

அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. மிஸ்டர் லோவல், எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அந்தப் பதில்தான். என் கேள்வி இல்லை.

நீங்கள் இந்த அரங்கத்தின் பாதுகாப்பைப் பார்க்கிறவர். ஆட்டம் நடக்கும்போதும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தையே பார்க்கிறவர். அதனால் விவரம் தெரிந்திருக்காது, சொல்லிவிடுகிறேன். ஓர் அணி சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று லீக் ஒரு கோடு போடுகிறது. தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் மேலே ஆடம்பர வரி. வருஷா வருஷம் தாண்டினால் வரி பல மடங்காக ஏறும். நம் அணி தாண்டிக்கொண்டே இருந்தது, காரணம் காலோவே. முட்டி போய், கோட்டு சூட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்குத்தான் அணியிலேயே பெரிய சம்பளம். இன்னொரு பக்கம் குவென்டின் பேட்ஸ். கிழக்குப் பகுதியில் பிறந்த நம் ஊர்ப் பையன். இந்தக் கோடையோடு ஒப்பந்தம் முடிகிறது, யாரோடு வேண்டுமானாலும் போகலாம். காலோவே போய் அந்தச் சம்பளம் கணக்கிலிருந்து இறங்கினால் பேட்ஸ் தங்குவான். இறங்காவிட்டால் போய்விடுவான். அவ்வளவுதான் விஷயம்.

இது வெறும் விளையாட்டுதானே என்று கல்லூரியில் என் அறைத்தோழி ஒருத்தி கேட்டாள். அவள் அப்பாவுக்கு ஏரிக்கரையில் கோடை வீடு இருந்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் அப்பா வேலை பார்த்த, லாரிச் சக்கர அச்சு செய்கிற ஆலை தெற்கே போனது. அதன் பின்னாலேயே என் அண்ணன் போனான். இந்த ஊரை விட்டுப் போன எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. பயம் என்றால் என்ன என்று ரோஷெலிடம் கேட்டு இந்தத் தாளில் எழுதியிருக்கிறீர்களே, என்னிடமும் கேட்டிருக்கலாம்.

ஸ்டாஷின் மதுக்கடையில் நாங்கள் மூன்று பேரும் இந்தப் பேச்சைத்தான் பேசுவோம். ஸ்டாஷ், பஸ் ஓட்டுகிற ரே, நான். காலோவே சொன்ன பதிலை நான் போய்ச் சொன்ன அன்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முதலாளி கட்டட்டுமே வரியை," என்றார் ரே. "நம்மகிட்ட ஒரு பீருக்கு என்ன விலை வாங்குறான்? அவன் படகை வித்தாலே பத்து வருஷ வரி கட்டலாம்யா."

"யோவ் ரே, வரி மட்டும்னா பரவால்லயே. அதுக்கும் மேல லீக் போட்ட ரெண்டாவது கோட்டையும் தாண்டிட்டா கையைக் கட்டிப் போட்டுருவான். வெளி ஆளை எடுக்க முடியாது, உருப்படியா ஒரு ஆள் மாத்து நடக்காது. புரொஃபசரைக் கேளு, படிச்ச புள்ள."

பட்டம் வாங்கிய நாளிலிருந்து நான் அவர்களுக்குப் புரொஃபசர். கிண்டல்தான். ஆனாலும் லீக் விதிகளை முழுசாகப் படித்தவள் அந்தக் கடையில் நான் ஒருத்திதான். ஸ்டாஷ் சொல்வது சரி என்றேன். காலோவே போக மாட்டார், மனைவிக்கு ஊர் பிடித்திருக்கிறதாம் என்றும் சொன்னேன்.

ரே மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அப்போ காலோவேயை விடு. அவன் பொண்டாட்டிக்கு முதல்ல ஊரு கசக்கணும்."

"அதுக்கு இந்த ஜனவரிக் குளிரே போதும்டா," என்றார் ஸ்டாஷ்.

"பத்தலையே! அவளுக்கு உசிராம்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விதிப்புத்தகத்தில் இல்லாத ஒரே வழியை ரே சொல்லிவிட்டார், அவருக்கே தெரியாமல்.

முதலில் நான் செய்தது ஒன்றுமே இல்லை. சனிக்கிழமைகளில் ஸ்கேட்டிங் தளத்துக்குப் போனேன், காலணி வாடகைக்கு எடுத்து நானும் பழகினேன். காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் போகலாம். காலோவேயின் மகள் இமானிக்கு ஏழு வயது. ஊதா கையுறை. திரும்பும்போது இடது பக்கம் சாய்வாள். "இமானி, இடது காலை அழுத்தாதே" என்று பக்கத்தில் போகும்போது சொல்வேன். நல்ல யோசனைதான். அவளும் கேட்டுக்கொண்டாள். என் பெயர் அவளுக்குத் தெரியாது. அவள் பெயர் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கிற வயது இல்லை.

ரோஷெலுக்கு அந்த வயது இருந்தது. கொக்கோ வாங்குகிற வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்று, "பாப்பா தூங்கறப்போ ஜன்னல் திரையை இழுத்து விடுங்க. தெருவுல இருந்தே கட்டில் தெரியுது" என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். குளிர்காலத்தில் இந்த ஊரில் எல்லாரும் முகத்தைத் துணியால் சுற்றியிருப்பார்கள், கண் மட்டும்தான் வெளியே தெரியும். அவள் பின்னால் நகர்ந்து தடுப்பில் இடித்துக்கொண்டாள், கொக்கோ கையுறை முழுக்கக் கொட்டியது. நான் காகிதம் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் இமானி ஒரு கையுறையைத் தளத்திலேயே விட்டுவிட்டாள். அதை அவர்கள் வீட்டுத் தோட்டத்து ஊஞ்சலில் கொண்டுபோய் வைத்தேன். தொலைத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது குற்றம் என்றால் நான் என்ன சொல்வது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாத் திரையும் மூடியே இருந்தது. வாசலில் ஒரு காவலாள் வந்தான். அவர்கள் இனி கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். காலோவே தொலைக்காட்சியில் வந்து, "இது எங்க ஊரு, யாருக்கும் பயப்பட மாட்டோம்" என்றார். வீறாப்பு. ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வழி வைக்காதவர் அவர்தான்.

கடத்தல் என்று உங்கள் தாளில் இருக்கிறது. அந்த வார்த்தை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொண்டு போனால்தானே கடத்தல். அந்தச் சனிக்கிழமை ஸ்கேட்டிங் தளத்தில் காவலாள் காரை வாசலுக்குக் கொண்டுவரப் போனான், ரோஷெல் குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நான் கை நீட்டினேன், குழந்தை பிடித்துக்கொண்டாள். இடது காலைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவள் ஆயிற்றே. காரில் இருக்கைப்பட்டி போட்டுவிட்டேன். ஏரிக்கரைக்குப் போனோம், படகுத்துறைக்குப் பின்னால், யாரும் வராத பக்கம். ஏரி உறைந்திருந்தது. குடுவையில் கொக்கோ கொண்டுபோயிருந்தேன், இருவரும் குடித்தோம். குடிக்கும்போது மட்டும் முகத்துணியை இறக்கினேன். அந்த ஒரு தப்புதான் நான் செய்தது. கை குலுக்கிய மாலையில் எடுத்த படத்தில் என்னைக் குழந்தை அடையாளம் காட்டினாள் என்றால், அந்தக் கொக்கோவால்தான்.

பிறகு அவளைப் பனிமேல் நடக்கச் சொன்னேன். கொஞ்ச தூரம்தான். நான் கரையிலேயே நின்றேன். என் எடையைப் பனி தாங்குமா என்று தெரியவில்லை. நான் சொன்ன இடம் வந்ததும் நின்று திரும்பிப் பார்த்தாள். எங்கோ அடியில் பனி முனகியது. அந்தச் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? இரும்புக் கதவை யாரோ மெதுவாகத் திறப்பது மாதிரி இருக்கும். குழந்தை அசையவே இல்லை. அழவும் இல்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. "அசையாம நில்லு. நான் சொல்றதை அம்மாகிட்ட அப்படியே சொல்லணும்" என்றேன். "இந்த ஊருல பனி எங்க உடையும்னு யாருக்கும் தெரியாது." மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன். குரல் தெளிவாக வருகிறவரை.

அப்புறம் திரும்பி வரச் சொன்னேன். வந்தாள். கால் நனைந்திருந்தது, என் கம்பளியால் துடைத்து, தளத்தின் வாசலிலேயே இறக்கிவிட்டேன். ஒரு கீறல் இல்லை. வேண்டுமானால் மருத்துவர் எழுதியதைப் பாருங்கள். அவள் இன்னும் இரவில் பேசுவதில்லை, குளியல் தொட்டியில் கால் வைப்பதில்லை என்கிறீர்கள். குழந்தைகள் மறந்துவிடுவார்கள்.

அந்த வாரமே காலோவே வேறு அணிக்குப் போகச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். அரிசோனாவுக்கு மாற்றினார்கள், அணி கோட்டுக்குக் கீழே இறங்கியது. ஸ்டாஷ் கடையில் எல்லாருக்கும் இலவசமாக ஊற்றினார். ரே மட்டும் குடிக்கவில்லை. செய்தியில் குழந்தையைப் பற்றி வந்திருந்தது. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன், ரெனாட்டா. நீ... சும்மாதானே கேட்டுக்கிட்டே?" என்றார். முதல்தடவையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆமாம் என்றேன். அதன் பிறகு அவர் அந்தக் கடைக்கு வருவதில்லை.

இதெல்லாம் சரியாக நடந்தது. சரியாக நடக்காதது நேற்றைய செய்தி. பேட்ஸ் தங்கப்போவதில்லையாம். மற்றவர்களைவிட நம் அணி அதிகம் தருவதாகச் சொல்லியும் வேண்டாம் என்கிறான். அவன் மனைவி ஜனெல் மாசமாக இருக்கிறாளாம். "காலோவே வீட்டுப் பிள்ளைக்கு நடந்தது எங்க பிள்ளைக்கு நடக்க வேண்டாம்" என்று நிருபர்களிடம் சொன்னான். அந்தப் பேட்டியை நான் மூன்று தடவை போட்டுக் கேட்டேன். ஊர்ப் பையன், ஊரைப் பார்த்துப் பயப்படுகிறான். யாரோ அவர்களைக் கலைத்துவிட்டிருக்கிறார்கள்.

உங்கள் கண் கடிகாரத்துக்கே போகிறது, மிஸ்டர் லோவல். அடுத்த பருவத்துக்கு நல்ல இருக்கை தருகிறேன் என்று கூப்பிட்டபோதே எனக்குப் புரிந்தது. போலீஸ் வருகிறவரை பேச்சுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்தீர்கள். என்னைப் பிடித்து வைக்கிற தைரியம் உங்களுக்கு இல்லை, நெற்றியைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன். போலீஸிடமும் இதையே சொல்வேன், சாயங்காலம். அதற்கு முன்னால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. பேட்ஸ் இன்னும் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை.

கதவுப் பக்கம் நிற்காதீர்கள். நான் முடிவு பண்ணிவிட்டுத்தான் இங்கே வந்தேன். குழந்தையைக் கூட்டிப்போன ஆள் யாரென்று ஜனெலுக்குத் தெரியாது, பயமே அதுதான். முகம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும். நான் நேரில் போய், அது நான்தான், உன் பிள்ளையை நான் பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டால் அவள் தங்கிவிடுவாள். இந்த நேரத்தில் மாசமான பெண் படுத்திருப்பாள். மணியடித்து எழுப்ப மாட்டேன். பின்பக்கமாக உள்ளே போய், அவள் தானாகக் கண் விழிக்கிறவரை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.