சோதித்தவர் பெயர்

என் பெயரைப் போடுங்கள் என்று எங்கள் மேலாளர் ஸி முஃபத்தலிடம் ஒரு நாள் கேட்டேன். நாற்காலி கொடுத்தால் உட்கார், வேலை கொடுத்தால் செய், பெயரை மட்டும் கேட்காதே என்று எங்கள் மலையூர் கெனிஃப்ராவில் பஸ் ஏற்றிவிட்ட அன்றே அம்மா சொல்லியிருந்தாள். அவள் ஊரார் வீடுகளில் தரை துடைத்தவள். எந்த வீட்டிலும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதனால் அவளுக்குத் தெரிந்திருந்தது.

காஸாபிளாங்காவில் எங்கள் கம்பெனி மருத்துவமனைகளுக்காக ஒரு மென்பொருள் செய்தது. எந்த நோயாளிக்கு எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று நர்ஸின் திரையில் அது காட்டும். கொடுத்தாயிற்று என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. வெளியே போகுமுன் அதைச் சோதிப்பது என் வேலை. அதற்கு மெஷின்கள் கட்டுவேன். இரும்பு மெஷின் இல்லை. என் கணினிக்குள்ளேயே ஓடும் வர்ச்சுவல் மெஷின்கள், பொய்க் கணினிகள். ஒன்றில் பழைய விண்டோஸ் போடுவேன், இன்னொன்றில் நெட் அறுந்து அறுந்து வரும், அந்தந்த மருத்துவமனையில் இருப்பதைப்போலவே. சோதனையைத் தொடங்குமுன் மெஷினை இருந்த நிலையில் ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்துக்கொள்வேன். என்ன கெட்டாலும் அந்த நொடிக்குத் திரும்பிவிடலாம். எதுவுமே நடக்காததுபோல் ஆகிவிடும். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

ஜவாத்தின் கடைசிச் சோதனைக்கும் மெஷின்களை நான்தான் கட்டிக்கொடுத்தேன். அவன் பிரான்ஸில் படித்துவிட்டு வந்த மூத்த பொறியாளர். மென்பொருள் சரியாக இருக்கிறது என்று கம்பெனி கொடுக்கும் சான்றிதழில் 'சோதித்தவர்' என்ற இடத்தில் அவன் பெயர் இருக்கும்.

பொய்க் கணினிகள் தாங்கள் குடியிருக்கும் கணினியைப் பார்த்துத் தங்கள் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். எல்லாரும் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். நான் ஒரு மெஷினில் அந்த இணைப்பைத் துண்டித்து, அதன் கடிகாரத்தை ரமலானுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுபோனேன். நோன்புக்காக நாடே ஒரு மணி நேரம் பின்னால் போகிற நாள். விடியுமுன் மூன்று மணி மறுபடி இரண்டாகும். இரண்டரைக்குக் கொடுத்துப் பச்சையான மருந்து, இரண்டாவது இரண்டரை வந்ததும் சிவப்பானது. இன்னும் கொடுக்கவில்லை என்றது.

அதை ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு ஸி முஃபத்தலின் அறைக்குப் போனேன். ஜவாத்தும் அங்கே இருந்தான். பிழையைச் சொல்லுமுன், சான்றிதழில் என் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டேன்.

ஸி முஃபத்தல் கோபப்படவில்லை. "பேருக்கு என்னம்மா அவசரம்? மலையில இருந்து வந்த பொண்ணு பேரப் பாத்தா, ஆபீஸ் கூட்டுற புள்ளைகிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்களான்னு கேப்பாங்க."

என் பெயர் தூதா. எங்கள் மலை மொழியில் போதும் என்று பொருள். நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்தது. ஒருமுறை பேச்சுவாக்கில் ஜவாத்திடம் சொல்லியிருந்தேன்.

"போதும்னு பேர வெச்சுக்கிட்டு இன்னும் வேணும்னு கேக்குறியே" என்றான் அவன். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு பிழையைப் பற்றிச் சொல்லச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

என் இடத்துக்கு வந்து, மெஷின்களையெல்லாம் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினேன். கடிகார இணைப்பைச் சேர்த்துவைத்தேன். பிழை தெரிந்த ஸ்னாப்ஷாட்டை என் சின்ன டிஸ்க்கில் போட்டுக்கொண்டு, ஆபீஸில் இருந்ததை அழித்தேன். பொய் எதுவும் சொல்லவில்லை. ஜவாத்திடம் கேட்கவும் செய்தேன், ரமலான் நேர மாற்றத்தையும் பார்த்துவிடலாமா என்று.

"நேரத்த அரசாங்கம் பாத்துக்கும். நீ டீ வந்துச்சான்னு பாரு."

டீ வந்திருந்தது. எடுத்துக்கொடுத்தேன். அவன் சோதனையை ஓட்டினான். எல்லாம் பச்சை. கையெழுத்துப் போட்டான். பிழை எந்த ஞாயிறு வெளிவரும் என்று எனக்குத் தெரியும். அந்த ஞாயிறு விடியும் இரவில் நன்றாகத் தூங்கினேன். காலையில் போனில் நேரம் தானாகவே மாறியிருந்தது.

அதே இரவு, கடற்கரைப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் ஹத்தூம் என்ற தையற்காரம்மா, இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தாள். முதல் இரண்டரைக்கு ஒரு நர்ஸ் மார்ஃபின் ஊசி போட்டுவிட்டு ஓய்வுக்குப் போனாள். அவள் இடத்துக்கு வந்த நஜாத், திரை சிவப்பாக இருப்பதைப் பார்த்து இன்னொன்று போட்டாள். விடிந்தபோது ஹத்தூமுக்கு மூச்சில்லை.

திரை சிவப்பாக இருந்தது என்று நஜாத் சொன்னதை யாரும் நம்பவில்லை. கம்பெனி சான்றிதழைக் காட்டியது. திரும்பவும் சோதித்துக் காட்டியது. நான் கட்டிய மெஷின்களில் எல்லாம் பச்சை. நஜாத்தைக் காவலில் வைத்தார்கள். பத்திரிகைகளில் அவள் முழுப் பெயரும் வந்தது, தகப்பன் பெயரோடு. அவள் வீட்டில் முதலில் படித்தவள் அவள்தான் என்றும் போட்டிருந்தார்கள்.

நேற்று அவளுடைய வக்கீல், ஹாஜர் என்ற பெண், என்னைக் கூப்பிட்டிருந்தாள். மெஷின்களைக் கட்டுவது நான்தான் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கொடுக்கத்தான் போனேன். வக்கீல் நல்லவள். எனக்கு வேலை போய்விடுமோ என்று அவளே கவலைப்பட்டாள்.

"எது இருந்தாலும் குடுங்க. உங்க பேரு எங்கயும் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

பெயர் எங்கும் வராது என்று அவள் சொன்னதுமே எனக்குத் தீர்மானமாகிவிட்டது. பைக்குள் டிஸ்க்கைப் பிடித்திருந்த கையை வெளியே எடுத்தேன். என்னிடம் ஒன்றும் இல்லை என்றேன்.

வெளியே பெஞ்சில் நஜாத்தின் அம்மா உட்கார்ந்திருந்தாள். ப்ளீச்சிங் தண்ணீரில் வெந்துபோன கைகள். அந்தக் கைகளை எனக்குத் தெரியும். எழுந்து என் தோளைத் தொட்டாள்.

"எம் பொண்ணுக்காகப் பேச வந்தியாமே. உம் பேரென்ன மகளே? தொழுதுட்டுக் கேக்குற துஆவுல சொல்லணும்."

தூதா என்றேன். அவளும் மலைக்காரிதான் போலிருக்கிறது. சிரித்தாள்.

"இப்பவும் இந்தப் பேரு வெக்கிறாங்களா?"

ஆமாம்மா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கித் தெருவுக்கு வந்தேன். எனக்கு யார்மேலும் கோபமில்லை. டிஸ்க் பையில் பத்திரமாக இருந்தது. அது இருக்கும்வரை எதுவும் கெட்டுப்போய்விடவில்லை. வேண்டும் என்றால் அந்த நொடிக்கே திரும்பிவிடலாம்.